கவுஸ் பாய் பறித்த இலைகள்

பாலிங் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள நாசி கண்டார் சோற்றுக் கடையில், ‘தே தாரிக்’ என்னும் நுரை பொங்க ஆற்றிய தேநீர் குடிக்க வருகிறவர்கள், ஒரு செய்தியைக் கேட்காமல் திரும்ப முடியாது. கடைக்காரர் கவுஸ் பாயின் மகள் அஃபிரா, பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் டுரியான் மரங்களுக்கு டிஎன்ஏ பார்க்கிறாள் என்பதுதான் அது.

“மரத்துக்கு எதுக்கு பாய் டிஎன்ஏ? அப்பன் யாருன்னு கோர்ட்டுல கேஸா?” என்று வம்புக்கு இழுப்பார் பக்கத்து டயர் கடை பசுபதி.

“நீ விக்கிற டயருக்குத்தான்யா அப்பன் தெரியாது. பேசாம தே குடி லா,” என்பார் கவுஸ்.

அந்தச் சனிக்கிழமை அஃபிரா சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குள் வந்து நின்றாள். முகத்தில் களையே இல்லை.

காரணம் இருந்தது. பாலிங் வட்டாரத்துப் பழைய டுரியான் மரங்கள் யாரோ தின்று துப்பிய கொட்டையில் முளைத்தவை. அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மரத்தின் டிஎன்ஏவில் சில குறிப்பிட்ட இடங்கள் உண்டு. அவற்றைப் படித்தால், ரேகையை வைத்து ஆளைச் சொல்வதுபோல மரத்தைச் சொல்லிவிடலாம். பரீட்சை நேரம் என்பதால் அவளால் ஊருக்கு வர முடியவில்லை. இலைகளைப் போட்டு அனுப்புவதற்காக, ஈரம் உறிஞ்சும் மணிகள் கொண்ட இருபது பொட்டலங்களை அத்தா கவுஸ் பாய்க்கு அனுப்பியிருந்தாள். மரத்துக்கு ஒரு பொட்டலம்; பசுபதி வீடு உட்பட இருபது வீட்டு மரங்கள். அத்தாவும் சொன்ன நாளுக்கு முன்பே இலைகளை அனுப்பிவைத்தார்.

சோதனை முடிவில் இருபதும் ஒன்றுபோலவே வந்தன. அஃபிரா குழாய்களை மாற்றிப்போட்டுக் குழப்பிவிட்டாள் என்றார் அவளுடைய பேராசிரியர். அவள் மறுபடி முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் அதே முடிவுதான். பாலிங்கையே ஆய்விலிருந்து எடுத்துவிடலாம் என்று அவர் சொல்லிவிட்டார். எந்த ஊருக்காக அவள் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினாளோ, அந்த ஊரே இல்லாமல்!

“அத்தா, கொஞ்சம் உள்ள வாங்களேன். ஒண்ணு கேக்கணும்.”

“ரிசல்ட்டு வந்துருச்சா? இங்கயே சொல்லுமா. எல்லாரும் கேக்கட்டும்!”

“அப்புறமா சொல்றேன் அத்தா.”

“சத்தமா சொல்லு புள்ள! என்ன வெக்கம்?”

அஃபிரா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “இருபது மரமும் ஒரே மரம்னு வந்துருக்கு.”

பசுபதிதான் முதலில் வாயைத் திறந்தார். “ஒட்டு மரமா இருக்கும்மா. ஒட்டு வச்சா ஒரே மாதிரிதானே வரும்?”

“இது எல்லாமே கொட்டையில முளைச்ச காம்போங் மரம், நாட்டு மரம், அங்கிள். ஒரே மாதிரி வரவே வராது.”

“அதுவும் சரிதான். ஆமா பாய், என் வீட்டுப் பக்கம் நீங்க துரட்டியோட வந்து நான் பாக்கலையே?”

உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த தே, குவளைக்கு வெளியே கொட்டியது. கவுஸ் பாய் துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“எல்லாம் நம்ம கொல்லை மரத்து இலைதாம்மா.”

“அத்தா!”

“யுனிவர்சிட்டிக்குப் போற இலை லா! பெரிய மனுசன் சாப்பிட வந்தா நல்ல துண்டாப் பாத்துத்தானே வைப்போம்? இவன் வீட்டு மரத்து இலைய உன் புரொபசர் முன்னாடி வச்சா உனக்கு என்ன மரியாதை? அணில்கூட சீந்தாத பழம்!”

கடையே சிரித்தது. பசுபதி மட்டும் சிரிக்கவில்லை. அஃபிராவுக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் அத்தாவின் முகத்தைப் பார்த்ததும் அது நீடிக்கவில்லை. கறிச் சட்டிகள் வரிசையாக இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

“அத்தா, இத்தன சட்டியிலயும் ஒரே கறிய ஊத்தி வைப்பீங்களா?”

“அது எப்படி வைக்கிறது? அந்த ஒரு கறி கெட்டுச்சுன்னா அன்னைக்குக் கடைய சாத்த வேண்டியதுதான்.”

“மரமும் அப்படித்தான். எல்லாம் ஒண்ணா இருந்தா, ஒரு நோய் வந்தா மொத்தமும் போயிடும். எனக்கு நல்ல மரம் வேணாம் அத்தா. எல்லா மரமும் வேணும்.”

கவுஸ் பாயின் நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது.

“பசுபதி, பாத்தியா? பினாங்குல உக்காந்துக்கிட்டு, என் கொல்லையில நான் எந்த மரத்துல கை வச்சேன்னு கண்டுபிடிச்சிட்டா! போலீசால முடியுமா?”

மறுநாள் கடை திறக்கவில்லை. கவுஸ் பாய் துரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்தார். அஃபிரா ஒவ்வொரு மரத்துக்கும் எண் ஒட்டினாள். கடைசியாகப் பசுபதி வீடு. ஏணியைப் பிடித்துக்கொண்டவர் பசுபதிதான்.

“பாத்து ஏறுங்க பாய். கேவலமான மரம், கைல ஒட்டிக்கப்போவுது.”

அடுத்த மாதம் அஃபிரா போனில் கூப்பிட்டாள். கடையில் நல்ல கூட்டம். இருபது மரமும் இருபது விதம் என்றாள். பேராசிரியர் பாலிங்கைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அதோடு, அவள் இதுவரை பார்த்த எந்த மரத்திலும் இல்லாத அடையாளங்கள் ஒரே ஒரு மரத்தில் இருக்கின்றன. கட்டாயம் காப்பாற்றி வைக்க வேண்டிய மரம் அது.

“நம்ம மரந்தானே?” என்றார் கவுஸ் பாய்.

“இல்ல அத்தா. பசுபதி அங்கிள் மரம்.”

கவுஸ் பாய் போனை வைத்தார். நல்லதாக ஒரு மீன் தலையைத் தேடி எடுத்துத் தட்டில் வைத்து, தானே கொண்டுபோய்ப் பசுபதியின் முன்னால் வைத்தார். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“எல்லாரும் கேட்டுக்கோங்க! இந்த வட்டாரத்துலயே வேற எங்கயும் இல்லாத மரம் நம்ம பசுபதி வீட்டுல நிக்குது. அதுல எவனாவது கத்தி வச்சான், எங்கிட்ட பதில் சொல்லணும்!”

பசுபதி நாற்காலியில் நெளிந்தார்.

“ரொம்ப நெளியாத லா. இத்தன வருசம் அது உனக்கே தெரியல. கண்டுபிடிச்சது யாரு? என் மக!”