ரத்னாபாயின் மூடுபனி

“நாளு முழுக்க செத்துப்போன அப்பாவைக் கூப்பிடுகா டாக்டரே, இது சீக்கு இல்லாம—”

“மஞ்சு எறங்கினா கூப்பிடாம பின்னே? நீ சும்மா இரிடி.”

மகள் ஷில்பாவும் தாய் ரத்னாபாயும் இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருக்க, மனநல மருத்துவம் இரண்டாம் வருடம் படிக்கும் லிபி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர்கள் ‘மஞ்சு’ என்று சொன்ன போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து மூடுபனி, ரத்னாபாயின் கணவர் ஞானசிகாமணியை அடக்கம் செய்த மறுவாரம் அவளோடு பஸ் ஏறித் திருவனந்தபுரம் வந்து, மகளின் ஃபிளாட்டில் தங்கிவிட்டது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை. ‘இல்லாததைப் பார்க்கிறார், இல்லாதவரோடு பேசுகிறார், வார்டில் சேர்க்கலாம்’ என்று எழுதி முடித்த பிறகுதான், பேராசிரியர் முதலில் கேட்கச் சொன்ன கேள்வி லிபிக்கு நினைவு வந்தது. நிமிர்ந்தாள். அவள் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது.

“மஞ்சு உங்களுக்கும் தெரியுதா?”

“தெரியாம? நாலு மாசமா துணி காயல்ல,” என்றாள் ஷில்பா. “அதுக்காவ அப்பாவைக் கூப்பிடணுமா?”

ரத்னாபாய் லிபியைப் பார்த்துச் சொன்னாள். “கொழுந்து எடுக்கும்போ மஞ்சு மூடினா பேரு சொல்லிக் கூப்பிடணும். ‘உண்டு’ன்னு பதில் வந்தாத்தான் அடுத்த அடி. புருஷன் பேரு சொல்லப்பிடாது, ஆனா மஞ்சுல சொல்லலாம். நாப்பது வருஷம் பதில் சொன்னாரு. இப்போ இல்ல. அதான் அடி வைக்கல்ல.”

அது உண்மை. அவள் தானாக வாசல் தாண்டி நாலு மாதம். இரண்டு உருண்டைச் சோறு, விடியுமுன் கலையும் தூக்கம், அவர் பின்னாலேயே போய்விடலாமா என்ற யோசனை. இவற்றை லிபி அதுவரை கேட்கவேயில்லை. இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டாள், தாளைக் கிழித்து, மனச்சோர்வு என்று எழுதினாள். பேராசிரியர் தன் கண்ணாடியையும் துடைத்துக்கொண்டு படித்தார். மூடுபனிக்கு மருந்து எழுதாதது சரி என்று கையெழுத்திட்டார். ஒரு மாத்திரை, புதன்தோறும் வருகை, வீட்டில் யாரும் அவளைத் தனியே விடக்கூடாது, அவள் கூப்பிட்டால் ஷில்பா பதில் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் ஷில்பா வெட்கப்பட்டு முனகினாள். மூன்றாம் மாதம், பழவங்காடிக் கடைத்தெருவில் தாய் கூப்பிட, மகள் உரக்க “உண்டு” என்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வருடத்தில் தூக்கமும் பசியும் திரும்பின. மூடுபனி போகவில்லை, போகச் சொல்லி யாரும் எழுதவுமில்லை. புதன்கிழமைகளில் அறை வாசலில் ஈரத்துக்குச் சாக்கு விரிப்பது அட்டெண்டருக்குப் பழகிவிட்டது.

மாத்திரையை நிறுத்திய அன்று, ஹாஸ்டலிலிருந்து கொண்டுவந்த பொதிச்சோறு பிரிக்கப்படாமல் கிடந்த மேசைமேல் லிபி கேஸ் ஃபைலை மூடினாள். பனி அவள் தோள்வரை ஏறியிருந்தது. அதற்குள்ளிருந்து ரத்னாபாய் கேட்டாள்.

“நீங்க கூப்பிட்டா யாரு மோளே ‘உண்டு’ன்னு சொல்லுவா?”