நடிப்பு என்று சொன்னவள்

ஆனந்தமேரிக்கு ஈ.ஈ.ஜி. அறையில் பதினோரு வருடப் பழக்கம். திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், நோயாளிகளின் தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது அவள் வேலை. அதைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர் ஆண்டனிராஜ். அவர் மதுரையிலிருந்து வியாழக்கிழமை மட்டும் வருவார். பதிவு செய்பவர்கள் முடிவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சேவுகம்பட்டியிலிருந்து தமிழ்மதி என்ற பெண்ணை அவள் மாமியார் ஒச்சம்மாள் அழைத்து வந்தாள். தமிழ்மதிக்கு இருபத்து மூன்று வயது. நான்கு மாதமாகக் கைகால் இழுப்பு வருகிறதாம். படிவத்தை நிரப்பும்போது ஆனந்தமேரி கேட்டாள்.

"பிள்ளைக இருக்கா?"

"ஏழாம் மாசத்துல வயித்துலயே போயிருச்சுக்கா." சொல்லும்போது அந்தப் பெண் முகத்தில் எந்த அசைவும் இல்லை.

ஆனந்தமேரி 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே தமிழ்மதிக்கு இழுப்பு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஆனந்தமேரி திரையைப் பார்த்தாள். உடம்பு ஆடியதால் கோடுகள் கலைந்தனவே தவிர, வலிப்புக்கு உரிய அலை ஒன்றுகூட இல்லை. மதியம் இரண்டு மணி ஆகியும் ஆனந்தமேரி இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் ஒச்சம்மாள் ஓடி வந்தாள். "என்னம்மா, மூளையில எதுவும் கோளாறா?"

"ஒன்னுமே இல்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா நடிப்பும்மா. வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்க, சரியாப் போயிரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்குப் பின்னால், தலையில் ஒட்டிய பசையைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றாள் தமிழ்மதி.

அந்த வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க அவர்கள் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. ஆனந்தமேரி அதைக் கவனிக்கவும் இல்லை.

மூன்றாவது வியாழன் வந்தார்கள். கூடத் தமிழ்மதியின் கணவன் விக்னேஷ்குமாரும் இருந்தான். அவளுக்கு வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை கட்டுப் போட்டிருந்தது. பழைய பதிவை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போன ஆனந்தமேரி, அங்கே அவர்களைப் பார்த்ததும் கதவோரமாகவே நின்றுவிட்டாள்.

"சோறு வடிக்கையில இழுப்பு வந்துருச்சு சார்," என்றான் விக்னேஷ்குமார். "கொதிகஞ்சி அம்புட்டும் கையில ஊத்திருச்சு. சத்தம் கேட்டு நான் எந்திரிச்சேன். அம்மாதான் போகாதடான்னு சொன்னாக. பாக்க ஆளில்லைன்னா தானா எந்திரிப்பான்னு..." தமிழ்மதியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "செத்த நேரம் அப்பிடியே விட்டுட்டோம் சார்."

டாக்டர் ஒச்சம்மாளைப் பார்த்தார். "டெஸ்ட் எடுத்துட்டு ஏம்மா என்கிட்ட வரல?"

"இங்கதான சாமி சொன்னாக. மூளையில ஒன்னுமில்ல, நடிக்கிறான்னு."

"யாரு சொன்னது?"

ஒச்சம்மாள் விழித்தாள். ஆனந்தமேரி மாஸ்க் போட்டிருந்தாள். டெஸ்ட் எடுத்த அன்றைக்கும் போட்டிருந்ததால் ஒச்சம்மாளுக்கு அடையாளம் தெரியவில்லை. தமிழ்மதி மட்டும் தலையைத் திருப்பி நேராக அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஞாபகம் இல்லங்க சார்," என்றாள்.

ஆனந்தமேரிக்குக் காது மடல் இரண்டும் காந்தின. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஆனால் பதிவை மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

டாக்டர் பதிவைப் பார்த்து முடித்துச் சொன்னார்: "இது காக்காவலிப்பு இல்ல. அதுக்காக நடிப்புன்னு நினைச்சுராதீங்க. பயம், துக்கம், கோவம் எல்லாமே மூளையில நடக்கிற வேலைதான். ஆனா உள்ளுக்குள்ள ஆழத்துல நடக்குது. தலைக்கு மேல ஒயர் ஒட்டி எடுக்கிற இந்த டெஸ்ட்ல அது அம்புட்டும் தெரியாது. அழ முடியாம அடக்கி வச்சா, சில பேருக்கு அது கைகாலை ஆட்டி வைக்கிற இடத்தைப் புடிச்சுக்குது. இந்தப் பொண்ணு வேணும்னு செய்யல. நிறுத்தவும் அவளால முடியாது." பிறகு தமிழ்மதியிடம் கேட்டார், "பிள்ளை போனப்ப அழுதியாம்மா?"

"அழக் கூடாதுன்னு சொன்னாக," என்றாள் தமிழ்மதி. "அழுதா அடுத்தது தங்காதுன்னு."

ஒச்சம்மாள் சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் கீழே போன பிறகும் ஆனந்தமேரி தன் அறையில் நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நெஞ்சு படபடத்தது, முகம் கொதித்தது. இப்போது இந்த ஒயர்களைத் தன் தலையில் ஒட்டிப் பார்த்தாலும் கோடுகள் ஒழுங்காகத்தான் ஓடும் என்று தோன்றியது. அதை நினைத்ததும் இன்னும் கூசியது. அறையைப் பூட்டிவிட்டுப் படி இறங்கி ஓடினாள்.

மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார்கள். ஆனந்தமேரி மாஸ்க்கைக் கழற்றினாள்.

"நடிப்புன்னு அன்னைக்குச் சொன்னது நான்தாம்மா. தெரியாமச் சொல்லிட்டேன். உள்ள டாக்டர் கேட்டப்பயும் சொல்லாம நின்னுட்டேன்."

விக்னேஷ்குமார் சட்டென்று ஓர் அடி முன்னால் வந்தான். ஒச்சம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுடா. அந்தப் பொண்ணை அடிச்சு என்னத்த ஆகப் போகுது?" பிறகு ஆனந்தமேரியிடம் சொன்னாள்: "நீ சொன்னது எனக்குத் தோதா இருந்துச்சும்மா. அதான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். கஞ்சி கொட்டுனப்ப வாசல்ல உக்காந்திருந்தது நீயா, நானா?"

ஆனந்தமேரி தமிழ்மதியின் பக்கம் திரும்பினாள். "என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே?"

"காட்டிக் குடுத்தா நீங்க வையுவீகளோன்னு பயமா இருந்துச்சுக்கா," என்றாள் தமிழ்மதி.

மன்னித்துவிட்டாள் என்று ஒரு நிமிடம் நினைத்திருந்த ஆனந்தமேரிக்கு அந்த நினைப்பும் போய்விட்டது.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. "எழுதிக் குடுங்க," என்றார். எழுதிக் கொடுத்தாள். நிர்வாகம் ஒரு மாதம் அவளைப் பதிவு அறைக்குள் விடவில்லை. வெளிநோயாளிகள் பிரிவில் சீட்டு எழுத வைத்தது. கூட வேலை செய்கிறவர்கள் காரணம் கேட்டபோதெல்லாம் மறைக்காமல் சொன்னாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கூசியது.

தமிழ்மதி வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் வந்தாள். அங்கே முதல் மூன்று வாரமும் அழுதாளாம். நான்காவது வாரம் ஒச்சம்மாளும் உள்ளே போய் உட்கார்ந்து அழுதாளாம். இழுப்பு முழுக்க நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. கை ஆறியது. தோல் மட்டும் சுருங்கி, வெளுத்துப்போய் நின்றுவிட்டது.

அந்த மாதம் ஆலோசகரிடம் வருகிற நாட்களில் தமிழ்மதி சீட்டு வாங்க ஆனந்தமேரியின் ஜன்னலுக்குத்தான் வர வேண்டியிருந்தது. ஆனந்தமேரி பேர் கேட்காமலே எழுதி நீட்டுவாள். தமிழ்மதி இடது கையால் வாங்கிக்கொண்டு போய் வரிசையில் உட்காருவாள்.