இடக்கொம்பு ஒடிந்த காட்டெருது

1

காலைத் தேநீருக்கு முன் உமர் ஃபாரூக் தலைகளைத் துடைப்பார். (நேராகச் சொல்லிவிட்டேன், பயப்படாதீர்கள்.) ஜவ்வாது மலையில் அவர் நடத்தும் சிறிய விடுதியின் முன்கூடத்தில் ஏழு மண்டையோடுகள் மாட்டியிருக்கின்றன. மூன்று ஆடு, இரண்டு எருமை, ஒரு குதிரை, பின்னர் அந்த ஏழாவது. மெல்லிய தூரிகையால் கண்குழியில் தொடங்கி மூக்கில் முடிப்பார். "எங்க அத்தா வாணியம்பாடியில தோல் வித்தாரு சார். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்பார்.

இந்தக் கதை என் பிழையில் பிறந்தது. தலைகளின் கீழுள்ள சீட்டுகளை எழுதியவன் நான். ஓய்வுபெற்ற ஆசிரியனின் கையெழுத்து அழகாயிருக்கும் என்று நம்பி உமர் கொடுத்த வேலை. ஏழாவதைக் காட்டி, "மாடுதான் சார்" என்றார். மாடு என்றெழுத என் பேனாவுக்கு மனம் வரவில்லை. "காட்டெருது. மலையுச்சிகளில் தனித்து உலவியது" என்றெழுதினேன்.

(காட்டு விலங்கின் தலையை வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.)

2

நீதிக்கதையாகத்தான் தொடங்கினேன்: "ஒரு சுவரில் ஏழு தலைகள் இருந்தன. அவற்றுள் காட்டெருது செருக்குடன், 'நான் எவனுக்கும் ஏர் இழுத்தவனல்லன்' என்று—"

அதற்குள் வெள்ளையம்மாள் வந்துவிட்டார்.

3

விடுதிக்குச் சாமை அரிசி தரும் விவசாயி அவர். மூட்டையை இறக்கிவிட்டு ஏழாவது தலையின் முன் நின்றார். ஒடிந்த இடக்கொம்பை விரலால் தடவினார்.

"இன்னா பாய், எங்க வூட்டுக் கறுப்பன இங்க மாட்டி வெச்சிக்கிறீங்க? சாமைக் களத்துப் பாறையில மோதி ஒடிச்சிக்கின கொம்பாச்சே இது."

உமரின் கையில் தூரிகை அப்படியே நின்றது.

"கீழ இன்னா எழுதிக்கீது வாத்தியாரே?"

படித்துக் காட்டினேன்.

"காட்டெருதா? காட்டுப் பக்கம் திருப்பினாலே படுத்துக்குவான். நரி கத்தினா வூட்டுக்குள்ள வந்து நிப்பான்."

சிரித்தவர், உடனே சிரிப்பை நிறுத்தினார். கறுப்பன் இறந்த பின் அவன் தலையை வயலோரக் கம்பத்தில் கட்டியிருக்கிறார். போவோர் வருவோர் கண்பட்டால் அவன் மேல் படட்டும், கதிர் மேல் படவேண்டாம் என்று. கோடையில் கம்பம் சாய்ந்தது. தலை தரிசில் கிடந்தது. வேண்டாமென்று எறிந்ததாக எண்ணி உமர் எடுத்து வந்துவிட்டார்.

"பதினோரு வருசம் உழுதான். செத்தும் காவலுக்கு நின்னான். அறுப்புக்குப் பத்து நாள்தான் கீது பாய். அவன் இல்லாம கதிரு நிக்கறத பாக்க முடியல."

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

வெள்ளையம்மாள் தலையைப் பிடுங்கிக்கொண்டு (இல்லை, அவர் அப்படிப்பட்டவரல்லர்.)

உமர் பதிலுக்கு எருமைத் தலையொன்றைத் தருகிறார். (இது கற்பனையன்று, உண்மையிலேயே கேட்டார். "யாரு வூட்டு எருமையோ. அது என் கொல்லைய ஏன் பாய் காக்கணும்?" என்றார் வெள்ளையம்மாள்.)

விளைச்சல் எப்படியிருந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. உங்கள் மனம் விரும்பும் அளவுக்கு அறுத்துக்கொள்ளுங்கள்.

5

மறுநாள் உமர் தேநீர் குடிக்கவில்லை. கறுப்பனைத் துடைத்து, தம் துண்டில் சுற்றி, தோளில் வைத்து வெள்ளையம்மாளின் வயலுக்கு மேடேறினார். பின்னால் நான், மூச்சிரைக்க. கம்பத்தை அவரே நட்டார்.

"தப்பு என்னுதும்மா. ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"முகத்த கொஞ்சம் இப்படித் திருப்புங்க பாய். அவன் ரோட்டப் பாக்கணும்."

அவர் பிழை கம்பத்தில் ஏறிச் சரியாகிவிட்டது. என் பிழை சட்டைப்பையில் இருந்தது. சுவரில் வெறுமையாய் நிற்கும் ஏழாவது ஆணிக்கென்று எழுதிய புதுச் சீட்டை எடுத்துப் படித்தேன்: "கறுப்பன். உழவுமாடு. இடக்கொம்பு சாமைக் களத்துப் பாறையில் மோதி ஒடிந்தது. காட்டுக்குப் பயந்தவன். இப்போது வேலைக்குப் போயிருக்கிறான்."

வெள்ளையம்மாள் முகம் சுளித்தார். "பயந்தவன்னு போட்டா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"நீங்கள் சொன்னதுதானேம்மா?"

"நான் சொல்லலாம்."

பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தேன். இனி என் சொந்தச் சரக்கு வேண்டாமென்று, "நீங்களே சொல்லுங்கள், எழுதுகிறேன்" என்றேன்.

அவர் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பயந்தாலும் வுட்டுட்டு ஓட மாட்டான். அப்படிப் போடுங்க."

அப்படியே போட்டேன்.