மூன்று முறை வட்டமடித்த விமானம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று எனக்குச் சமாதானம் சொல்ல வராதீர்கள். இது ஆறு வருடத்துக்கு முன், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, என் அக்காவிடம் போனில் சொன்ன பொய்.

"அக்கா, ஃப்ளைட் நம்ம ஊர் வரைக்கும் வந்துட்டுதுக்கா. பேய்க்காத்து. மூணு தடவை சுத்திச்சு, இறக்கவே முடியல. திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டாங்க."

நான் அந்த விமானத்தில் ஏறவே இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காற்று விமானத்தின் இறக்கையைப் பிடித்து உலுக்க, அவன் கண்களை மூடி"

அவனாம். யாரோ ஒருவன்போல. அதைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்தது: "அம்மா இறந்த நாளில் வானம்"

வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதையும் விட்டேன்.

அக்காவிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். அவள் பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். நான் எழுதும் எதுவும் அச்சுக்குப் போகுமுன் அவள் மேசைக்குப் போகும். ஒற்றெழுத்து விட்டுப்போனால் பொறுப்பாள், கதாபாத்திரத்தின் சட்டை பாதியில் நிறம் மாறினால் பொறுக்க மாட்டாள். "காலையில நீலம், சாயங்காலம் பச்சை. நடுவுல எங்கடா குளிச்சான்?" என்று ஓரத்தில் எழுதுவாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கோடு போட்டு அடித்த வரி மறுபடி வேண்டுமென்றால் அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்பது பிழை திருத்துபவர்கள் வழக்கம். 'இருக்கட்டும், எடுக்காதே' என்று அர்த்தம். பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.)

3

ஏன் ஏறவில்லை? இந்தக் கேள்விக்கு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். விடுமுறை, வேலை, டிக்கெட் குழப்பம். எல்லாம் சப்பைக்கட்டு.

பயம். அவ்வளவுதான். அம்மாவின் முகத்தை அந்த நிலையில் பார்க்கப் பயம். விமான நிலையத்து இரும்பு நாற்காலியில், கையில் போர்டிங் பாஸோடு உட்கார்ந்திருந்தேன். என் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை அந்தப் பெண்ணின் குரலில் எரிச்சல்கூடத் தெரிந்தது. கால் எழவில்லை. விமானம் போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிறகு, அது போய்த் திரும்பி வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணிக் காத்திருந்து, அக்காவைக் கூப்பிட்டேன்.

நன்றாகத்தான் சொன்னேன். பயணிகள் அலறியதை, குழந்தை வீறிட்டதை, மேலிருந்து நம் வீட்டு மொட்டை மாடி சாய்ந்து தெரிந்ததை. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா போய்விட்டாள்.

மறுநாள் காலை விமானத்தில் போனேன். அது பூப்போல இறங்கியது. சாவு வீட்டில் அக்கா எல்லோரிடமும், "பாவம், தலைக்கு மேல வரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கான்" என்றாள். வந்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள். நான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன்.

4

போன மாதம் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு இருக்கப் போனேன். அன்றைக்குத்தான் நிஜமான காற்று வந்தது.

நான் கற்பனை பண்ணியதில் ஒன்றுகூடச் சரியில்லை. யாரும் அலறவில்லை. விமானம் தெருவில் குடிகாரன் நடப்பதுபோல் பக்கவாட்டில் போனது. ஒரு பக்கத்துச் சக்கரம் தரையை அறைந்தது, எகிறியது, என்ஜின் உறும மறுபடி மேலே ஏறினோம். யாருடையதோ ஒரு தண்ணீர் பாட்டில் நடைபாதையில் முன்னும் பின்னும் உருண்டது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்டுக்குன்னா கயிறு இருக்கும் சார். ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கும்" என்றார். சற்றுக் கழித்து, "இதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஜன்னலில் பார்த்தேன். மேகம்தான். மொட்டை மாடி தெரியவில்லை. கீழே அம்மாவும் இல்லை. அவள் இருந்தபோது வராத இந்தக் காற்றில், அவளிடம் போய்ச் சேர வேண்டும் என்று அழுதேன். இரண்டாவது தடவை இறக்கிவிட்டார்கள். யாரோ கைதட்ட ஆரம்பித்து, வெட்கப்பட்டு நிறுத்தினார்.

5

விமான நிலைய வாசலில் அக்கா நின்றாள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

"காத்துன்னா இதுதான்டா காத்து" என்றாள்.

டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு சொன்னாள்.

"அன்னிக்கு நீ போன் வச்சதும் அம்மா காதுல சொன்னேன். பேய்க்காத்தாம்மா, தம்பி மேல சுத்திட்டுப் போயிட்டானாம்னு. ஜன்னலைத் திறன்னாங்க. திறந்தேன்."

"ம்."

"திரை அசையவே இல்லடா."

"அம்மா என்னக்கா சொன்னாங்க?"

"எதுவும் சொல்லல. மூடிடுன்னாங்க."

எழுதுகிறவன் பண்ணும் தப்பு இது. பொய்யில் அடித்த காற்றை, கேட்கிறவள் நிற்கும் ஊரிலேயே அடிக்கவைத்திருக்கிறேன். அக்கா அதை முதல் வாசிப்பிலேயே பிடித்துவிட்டாள். ஆறு வருடமாக ஓரத்தில் எதுவும் எழுதாமல் வைத்திருந்திருக்கிறாள்.

அந்த டாக்ஸியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரோட்டுல மரம் விழுந்திருக்கும்போல" என்றேன்.

6

முடிவுகள்:

அ) ஜன்னல் திறந்ததும் திரை லேசாக அசைகிறது. (அசையவில்லை. அக்கா சொல்லிவிட்டாள்.)

ஆ) அம்மா சிரித்துக்கொண்டே, "எப்பவும் பயந்தாங்கொள்ளி" என்கிறாள். (இதைப் பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். எனக்கு வேண்டியது இதுதான். ஆனால் அவள் சொன்னது 'மூடிடு'தான்.)

இ) அக்கா என்னை

இந்த வாக்கியத்துக்கு வினைச்சொல் கிடைக்கவில்லை.

பிரதியை அவளுக்கே அனுப்பினேன். புது லென்ஸ் வைத்த கண்ணால் அவள் படித்த முதல் பிரதி. அனுப்புமுன் கடைசி நிமிஷத்தில் முதல் பகுதியில் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்: "நான் அந்த விமானத்தில் ஏறவே இல்லை." அது இல்லாவிட்டால் இது வெறும் காற்றுக் கதை.

நேற்றுத் திரும்பி வந்தது. ஒற்றுப்பிழை பதினொன்று. ஓரத்தில் ஒரு வார்த்தை இல்லை. அடித்த அந்த வரியின் அடியில் மட்டும், முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, சிவப்பில் புள்ளி.

அவள் என்னை மன்னித்தாளா, இல்லை, இதைச் சுமந்துகொண்டே இரு என்றாளா, தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் இன்னும் கால் எழவில்லை. 'இ' அப்படியே கிடக்கிறது. வினைச்சொல்லை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.