கறுப்பு நாம்பன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தகப்பனின் முகத்துக்கு நேரே தக்ஷிகா ஐபாடைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தங்கத்துரை ஒட்சிசன் குழாயை மூக்கிலிருந்து இழுத்துவிட்டு, விலைக்கு வந்து திரையில் நின்ற கறுப்புக் காளையைப் பார்த்துச் சிரித்தார். அது நல்ல சிரிப்பல்ல.

"உது நாம்பனோ, நாயோ? உதின்ர பின்பக்கத்தைப் பார். மற்றதைக் காட்டு."

மற்றது வெள்ளை. தொடை இரண்டும் உருண்டு திரண்டு நின்றது. புலம்பெயர்ந்து பார்க்டேலுக்கு வந்து சேர்ந்த காலம் தொட்டு ஓய்வு பெறும்வரை இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர் அவர். உயிரோடு நிற்கும் மாட்டிலும் துண்டுகளைத்தான் பார்ப்பார். லின்ட்சே என்ற சிற்றூருக்கு அருகே இறைச்சி மாட்டுப் பண்ணை ஒன்றை வாங்கி, மாடுகளை மகளிடம் விட்டார். எந்தக் காளையைப் பசுக்களோடு விடுவது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்பா, இந்தமுறை பாதிக்கு மேல முதல் ஈத்து மாடுகள். வெள்ளையின்ர கண்டு பெரிசாய் வரும். போன வருசமும் உங்கட சொல்லைக் கேட்டுத்தானே பெரிய நாம்பனை விட்டனான். என்ன நடந்தது?"

"ரெண்டு மாடு செத்தது. உலகம் அழிஞ்சு போச்சோ?"

வயிற்றுக்குள்ளேயே செத்த கன்றைச் சங்கிலி போட்டு இழுத்து எடுத்தவள் அவள். தாய்ப்பசு அவள் மடியில் தலையைப் போட்டபடியே அடங்கிப்போனது. நகரத்தில், வோபர்ன் வீட்டிலிருந்து தொலைபேசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கண்டு எத்தினை கிலோ?"

"வெள்ளையை எடுப்பன் எண்டு சத்தியம் பண்ணு."

"மாட்டன்."

"அப்ப வெளிய போ. சாகேக்க உன்ர மூஞ்சை எனக்குத் தேவையில்லை."

அவள் போனாள். கோப்பி இயந்திரத்துக்கு முன்னால் காசைத் தேடிக்கொண்டு நின்றபோது தம்பி கிருபன் வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"அப்பா போயிட்டார்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "வெள்ளையைத்தான் எடுப்பாய் எண்டு நான் அவரிட்டைச் சொல்லிப்போட்டன்."

"ஏன் சொன்னனீ?"

"சாகிற மனிசன் அக்கா! வாட்ஸ் ரோங் வித் யூ?"

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கிடந்தார் தங்கத்துரை. எவ்வளவு பவுடர் பூசியும் புருவ முடிச்சு அவிழவில்லை. சனம் வரிசையாக வந்து கும்பிட்டுப் போகையில் தக்ஷிகாவின் தொலைபேசி அதிர்ந்தது. அவள் எழுந்து பெட்டியடிக்குப் போய் எடுத்தாள். தாய் கமலாம்பிகை பின்னாலேயே வந்தாள்.

"ஆர் உது?"

"நாம்பன் விக்கிறவர். வேற ஆள் கேட்டு நிக்குதாம். இப்பவே சொல்லட்டாம்."

"சொல்லன். இந்தா, கொப்பர் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். வெள்ளை எண்டு சொல்லு."

"அவருக்கு வாக்குக் குடுத்தது நான் இல்லையம்மா."

"உயிரோட இருக்கேக்கயும் அந்தாளை நிம்மதியாய் விடேல்லை. இப்பவாவது விடன்ரி."

முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தக்ஷிகா தகப்பனைப் பார்த்தாள். பட்டைபட்டையாகக் காய்த்துப்போன அவருடைய வலக்கையைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியைக் காதோடு அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"த பிளாக் வன்."

"நீயெல்லாம் ஒரு மகள்," என்றான் கிருபன்.

ஓதுவார் தொண்டையைச் செருமிக்கொண்டு தேவாரம் தொடங்கினார். கமலாம்பிகை போய் முன்வரிசையில் அமர்ந்தாள். அவளுக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. காலையிலிருந்து தக்ஷிகா இருந்த கதிரை. அவள் அதை நோக்கி நடந்தாள்.

கமலாம்பிகை மடியிலிருந்த கைப்பையை எடுத்து அந்தக் கதிரையில் வைத்தாள். பிறகு, மண்டபத்துக் குளிரையும் பாராமல், தோளில் கிடந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி, மடித்து, அதன்மேல் வைத்தாள்.