பதினோராவது படி

எங்கள் போக்குவரத்து நிறுவனத்தில் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். பதினாறு வருடமாகக் கொடுக்கிறேன். ‘வழியில் வண்டி நின்றால்: பன்னிரண்டு படிகள்’ என்று பணிமனைச் சுவரில் தொங்கும் பெரிய சுவரொட்டி என் தயாரிப்பு. கீழே பொடி எழுத்தில் என் பெயரும், அதைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில் என் பதவியும் இருக்கும். அதை மனப்பாடமாக ஒப்பிக்காமல் ஒருவரும் என் வகுப்பைவிட்டு வெளியே போக முடியாது. அவர்களில் பலர் எஞ்சினோடு குடும்பமே நடத்தியவர்கள். இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு, “படி ஒன்று, ஓரங்கட்டு. படி இரண்டு, நாலு விளக்கையும் மினுக்கவிடு” என்று ஒப்பிப்பார்கள். கேட்கக் கேட்க எனக்கு உள்ளம் குளிரும்.

அந்தப் பன்னிரண்டையும் நடுரோட்டில் நீ எப்போதாவது செய்து பார்த்திருக்கிறாயா என்று யாரும் கேட்டதில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

அன்று என் மனைவியின் தங்கைக்குப் பரீட்சை. பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நிரந்தர வேலைக்கான எழுத்துத் தேர்வு. பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். நான்கு வருடமாகத் தற்காலிகம், தற்காலிகம் என்று ஆய்வகம் ஆய்வகமாக ஊசி பிடித்து அலைந்தவள். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். ஆகவே இதுதான் கடைசி. நாங்கள் அவளைச் சின்னவள் என்போம். சின்னவளுக்கு முப்பத்தைந்து ஆகப் போகிறது.

ஏழு மணி பேருந்தில் போய்விடுகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். நான் விடவில்லை.

“பஸ்ஸை நம்பிப் பரீட்சைக்குப் போவியா? நான் எதுக்கு இருக்கேன்?”

“உங்க ஆபீஸ் பஸ்தானே அத்தான்?”

“அதனாலதான் சொல்றேன்.”

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க, அவ பாட்டுக்குப் போகட்டுமே. நேத்து உங்க கார் ரெண்டு தடவை முக்கிட்டுத்தான் கிளம்புச்சு.”

“அது முக்கல. சூடேறுச்சு.”

“நீங்க சொன்னா சரி” என்றாள். என் வீட்டில் இந்தச் சொற்றொடருக்கு எதிரான அர்த்தம்தான்.

எட்டேகாலுக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பொட்டல். போகிற வழியெல்லாம் முன்னால் போன லாரியின் தவறுகளை நான் விளக்கிக்கொண்டு வந்தேன். அவள் மடியில் ஒரு தாளை வைத்து உதட்டை மட்டும் அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. இறங்கும்போதே செத்துவிட்டது. மணி எட்டு ஐம்பது.

சாவியைத் திருப்பினேன். இருமலும் இல்லை, முனகலும் இல்லை.

“ஒரு லைட்டும் எரியல அத்தான்” என்றாள் சின்னவள். “ஹாரன் அடிச்சுப் பாருங்க.”

அடித்தேன். அதுவும் ஊமை.

“பேட்டரி ஒயர் கழண்டிருக்குமோ? லேப்ல மெஷின் இப்படி மொத்தமாப் போச்சுன்னா முதல்ல பிளக்கைத்தான் பாப்போம்.”

“இது லேப் இல்லம்மா. இதுக்குன்னு ஒரு முறை இருக்கு.”

முறைப்படி ஆரம்பித்தேன். ஓரங்கட்டுவதைக் காரே செய்துகொண்டது. நான்கு விளக்கும் மினுங்கவில்லை. அது தனிக் கோளாறு என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஐம்பது அடி பின்னால் போய் முக்கோணப் பலகையை வைத்தேன். பயணி சாலையைவிட்டு விலகி நிற்க வேண்டும். அவள் ஏற்கெனவே விலகித்தான் நின்றாள். இதுவரை பழுதில்லை. ஐந்தாவது, நேரமும் இடமும் குறித்தல். ஆறாவது, மூன்று முறை ஆழ மூச்சிழுத்தல். பதினொன்று என்பது எண்ணிக்கையாக எடுப்பாக இல்லையே என்று நானே சேர்த்த படி அது. இழுத்தேன். ஏழாவது, நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தல். எட்டாவது, பெட்ரோல். ஒன்பதாவது, எஞ்சின் ஆயில். பத்தாவது, பெல்ட்டும் ரேடியேட்டர் குளிர்நீரும். பேட்டரி பதினொன்றாவது. அது ஏன் அவ்வளவு தள்ளி என்று கேட்டால், சுவரொட்டியில் பேட்டரிப் படத்துக்கு வலது கீழ் மூலையில்தான் இடம் கிடைத்தது.

ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்துக்கொண்டிருந்தபோது பதினேழாம் எண் பேருந்து வந்தது. மணி ஒன்பது பத்து. நேரே மருத்துவமனை வாசலுக்குப் போகிற பேருந்து அது. ஒன்பதே முக்காலுக்குப் போய்விடும். அதன் ஓட்டுநரைப் பணிமனையில் எல்லோரும் பதினேழு என்றே கூப்பிடுவார்கள். முந்தாநாள்தான் அவர் என் வகுப்பில் ஒன்பதாவது படியில் தடுமாறினார். பத்து நிமிடம் நிற்க வைத்தேன். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

பேருந்து நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் முகம்.

“சார்! என்ன சார் இங்க? வண்டி நின்னுடுச்சா?”

அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“நிக்கல. நிறுத்தியிருக்கேன்” என்றேன். “டெமோ. வீட்டு ஆளுக்குச் சொல்லிக் குடுத்துட்டிருக்கேன்.”

“ஓ, டெமோவா.” அவர் பார்வை சின்னவளிடம் போனது. மார்போடு அணைத்திருந்த கண்ணாடிக் கோப்புக்குள் தேர்வு அனுமதிச் சீட்டு தெரிந்தது. “பாப்பா டவுனுக்குப் போகணுமா? ஏறிக்கச் சொல்லுங்க சார், சீட் காலியாத்தான் இருக்கு.”

“வேண்டாம் வேண்டாம். நேரம் கிடக்கு. நீங்க கிளம்புங்க. அந்தப் படியில நிக்கிற ஆளை உள்ள போகச் சொல்லுங்க முதல்ல.”

சின்னவள் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்திருந்தாள். அத்தானை அவருடைய ஆட்கள் முன்னால் பொய்யனாக்கக் கூடாது என்று அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். பார்க்காதவன்போலக் கம்பியை இன்னொரு முறை துடைத்தேன். பேருந்து போய்விட்டது.

“அத்தான், ஏன்…”

“அவங்கல்லாம் என்கிட்ட படிக்கிறவங்கம்மா. நான் எப்படி…”

“சரி அத்தான்.”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கைப்பேசியை எடுத்து வாடகைக் கார் தேடினாள். இந்தப் பக்கம் வண்டியே இல்லையாம். நான் பத்தாவது படிக்குப் போனேன். பெல்ட்டைத் தொட்டேன், தட்டினேன், அதன் தரத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் கேட்கவில்லை, மணி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதே கால். இருபது. இருபத்தைந்து. அவள் மறுபடியும், “பேட்டரி…” என்று ஆரம்பித்தபோது, “வரிசையா வந்தாத்தான் தெரியும்” என்று எரிந்து விழுந்தேன். குளிர்நீர்த் தொட்டியின் மூடி எனக்குத் திறக்கத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். அதைத் திறக்காமல் பதினொன்றுக்குப் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்பதரைக்கு எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு பேருந்து வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கியே வந்தார்.

“பதினேழு அண்ணன் பாலத்துக்கிட்ட நிறுத்திச் சொன்னாரு சார். டெமோ நடக்குது, ஆனா அந்தப் பாப்பா முகம் டெமோ மாதிரி இல்ல, ஒரு எட்டு பாத்துட்டுப் போன்னாரு.”

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். அவர் சின்னவளைக் கேட்டார். “என்னம்மா ஆச்சு?”

“லைட்டு, ஹாரன் எதுவும் இல்லக்கா. ஒரேயடியா நின்னுடுச்சு.”

ஓட்டுநர் நேராகப் பேட்டரியிடம் போனார். மேலே இருந்த ஒயர் முனையை ஒரு விரலால் தொட்டார். அது வளையல்போலச் சுழன்றது.

“யார் சார் இதைக் கழட்டினது? கையால மாட்டி விட்டிருக்காங்க. முடுக்கவே இல்ல.”

யார் என்று அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, சுவரொட்டியின் புதிய பதிப்புக்குப் புகைப்படம் எடுத்தோம். ஸ்பேனரும் கையுமாக நான் பேட்டரிமேல் குனிந்திருக்கும் படம். நிஜமாகத் தெரியட்டும் என்று ஒயரைக் கழற்றினேன். படம் நன்றாக வந்தது. மறுபடி மாட்டும்போது புகைப்படக்காரர் அவசரப்படுத்தினார், சட்டையில் கறை படுமே என்று நானும் விரலாலேயே திருகிவிட்டேன்.

“மெக்கானிக்கா இருக்கும்” என்றேன்.

“நல்ல மெக்கானிக்கு” என்றார் அவர். தன் பேருந்திலிருந்து ஸ்பேனர் கொண்டுவந்து நான்கு திருகு திருகினார். கார் கிளம்பிவிட்டது. நான் நன்றி சொல்வதற்குள் அவர் ஏறிப் போய்விட்டார். அவருக்கும் நேரம் ஆகிறது அல்லவா. மணி ஒன்பது நாற்பது.

மருத்துவமனையை அடையும்போது பத்து பதினைந்து. தேர்வுக்கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து அறையில், மேசை நிறையக் கோப்புகளோடு ஓர் எழுத்தர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். காலைத் தேர்வு போனது போனதுதான் என்றார். ஆனால் இரண்டு மணிக்கு இரண்டாவது பிரிவு உண்டு. தாமதம் தேர்வரின் தவறில்லை என்று பொறுப்பான ஒருவர் எழுதிக்கொடுத்தால், அதில் உட்கார வைக்கலாமா என்று அதிகாரியைக் கேட்பாராம்.

“எந்த வழியா வந்தீங்க?”

சொன்னேன்.

“அந்த ரோட்ல பதினேழு இருக்கே. ஒன்பது மணிக்கு மேல ஒண்ணு வருமே. அதுல வந்திருக்கலாமே?”

நான் தொண்டையைச் செருமினேன். எனக்கு முன்னால் சின்னவள் பேசினாள்.

“பஸ் வந்துச்சு மேடம். ஆனா… நிக்கல.”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுக்குப் பொய் வராது. காது மடல்கூடச் சிவந்துவிட்டது. கடைசி வாய்ப்பு கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்போதும் என் மானத்தைத்தான் மூடிக்கொண்டிருந்தாள்.

“நிக்கலையா? கையக் காட்டியும் நிக்கலையா?” எழுத்தர் தொலைபேசியை இழுத்தார். “இருங்க, டெப்போவுக்குப் போட்டு எந்த டிரைவர்னு கேக்கறேன். இதுங்களுக்கு ஒரு மெமோ குடுத்தாத்தான் சரிப்படும்.”

அந்த மெமோ எந்த மேசைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். ஓட்டுநர்கள்மேல் வரும் புகாரெல்லாம் என் மேசைக்குத்தான். பதினேழை நிற்க வைத்து நான்தான் விசாரிக்க வேண்டும்.

“நின்னுச்சு” என்றேன். “ஏறிக்கச் சொன்னாங்க. நான்தான் அனுப்பிட்டேன்.”

“நீங்க யாரு?”

“அத்தான்.”

“அது சரி. ஏன் அனுப்பினீங்க?”

அறையில் தாமதமாக வந்த வேறு நான்கு பேர் இருந்தார்கள். தங்கள் காரணங்களை மறந்து என் காரணத்துக்குக் காத்திருந்தார்கள்.

“எழுதித் தரேன்” என்றேன்.

வெள்ளைத்தாள் கொடுத்தார். ‘தவிர்க்க இயலாத காரணங்களால் வாகனம் பழுதுற்றமையாலும், மாற்றுப் போக்குவரத்து பயன்படுத்தப்படாமையாலும்’ என்று ஆரம்பித்து மளமளவென்று எழுதினேன். இந்த நடையில் நான் பதினாறு வருடம் நீந்தியவன். எழுத்தர் படித்துவிட்டுப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

“பயன்படுத்தப்படாமைன்னா? யாரு பயன்படுத்தல? இந்தப் பொண்ணா?”

“இல்ல. நான்.”

“அப்ப அதை எழுதுங்க. இல்லன்னா அதிகாரி இவ மேலதான் தப்புன்னு எடுத்துக்குவாரு.”

இரண்டாவது தாள். ‘வாகனத்தின் மின்கலன் இணைப்பு தளர்ந்திருந்தது’ என்றேன். யார் தளர்த்தியது என்றார். சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். மெக்கானிக் என்று நான் சொன்னது அவளுக்கும் நினைவிருக்குமே. நானே தளர்த்தியது, எதற்கு என்று சொன்னேன். பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். எழுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாவது தாளை நீட்டினார்.

மூன்றாவதில் நீளமான வார்த்தை ஒன்றுமில்லை. ‘கார் என்னால் நின்றது. பேட்டரியைப் பார்க்கச் சொன்னாள், நான் பார்க்கவில்லை. பேருந்து நின்று அழைத்தது. வண்டி கெட்டுவிட்டது என்று என்னிடம் படிக்கும் ஓட்டுநருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் ஏற நினைத்தாள். நான் விடவில்லை.’ கீழே கையெழுத்துப் போட்டேன். பதவி என்ன என்று கேட்டு அதையும் எழுத வைத்தார்.

அவர் தாளோடு உள்ளே போய்ப் பதினைந்து நிமிடம் கழித்து வந்தார். “ரெண்டு மணிக்கு உக்காரலாம்மா. போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்து அங்க பெஞ்சுல படி.”

சின்னவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு நடைவழிப் பக்கம் போனாள். பின்னாலேயே போகலாமா என்று நான் நின்றேன்.

“இந்த லெட்டர்…” என்று எழுத்தரிடம் இழுத்தேன். “தேர்வு முடிஞ்சதும் கிழிச்சிடுவீங்களா?”

“கிழிக்கவா? கிடைக்கலைன்னா மூணு மாசத்துல குப்பைக்குப் போயிடும். கிடைச்சுதுன்னா அவ சர்வீஸ் புக்குல சேந்துடும். ரிடையர் ஆகற வரைக்கும் இருக்கும். பிரமோஷன், டிரான்ஸ்ஃபர்னு ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பாப்பாங்க.”

அவளுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி, அரை நொடி என்றுகூடச் சொல்லலாம், வேறொன்று நினைத்தேன்.

நடைவழி பெஞ்சில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை விரித்திருந்தாள். நான் போய் மறுகோடி விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உதடு அசைவது நிற்காமலேயே, என் பக்கம் திரும்பாமலேயே, எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த இடத்தில் போய் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.