பூசையில்லாத ஞாயிற்றில் அடித்த மணி

"யாரு உங்கள மணி அடிக்கச் சொன்னா? நான் கேக்கறேன், யாரு…"

"நான் எங்க தம்பி அடிச்சேன், கைதான்…"

"கை தனியா அடிக்குமா? சாமியார் இல்ல, பூசை இல்ல, வெறும் ஜெபம். சாமியார் அப்பத்தத் தூக்கிக் காட்டற எழுந்தேற்றத்துக்கு அடிக்கிற மணிய போய்…"

"நீங்க ஏடு திருப்பறப்ப வாய மூடினீங்க. கோயிலே கம்முன்னு ஆயிருச்சு. இருபத்திரண்டு வருசமா அப்படிக் கம்முன்னு ஆனா நான் கயித்த இழுப்பேன். இழுத்துட்டேன் லா!"

ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மாதா கோயில் வாசலில் உபதேசியார் மதலைமுத்துவும் மணியடிக்கும் சவரியம்மாளும் ஒரு வாரமாகத் தீராத சண்டையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். வாராவாரம் நடந்த பூசை மாதம் ஒன்றாகி, இப்போது மூன்று மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேர் ரவாங் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் வாசிப்பார். இன்று சாமியார் வரும் நாள்.

"எட்டுப் பேரு அக்கா. எட்டுப் பேரும் நெத்தி தரையில பட விழுந்தாங்க. பீடத்துல என்ன இருந்துச்சு? என் மூக்குக்கண்ணாடிக் கூடு!"

"நீங்களும்தான விழுந்தீங்க? தொப்புன்னு கேட்டுச்சே."

"அது… பழக்கதோசம்."

"எனக்கு மட்டும் அது பாவமா?"

வாயால் கேட்டுவிட்டாளே தவிர, அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றுமில்லாததைக் கும்பிட வைத்தவள் என்று சாமியார் சொல்லிவிட்டால்?

ஆனால் அந்த அமைதி! கயிற்றை விட்டதும் அவளும் குனிந்துவிட்டாள். எழுந்திருக்கச் சொல்ல யாருமில்லை. இரண்டாம் மணி அடிக்க வேண்டியவளே தரையில் கிடந்தாள். வெளியே செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த இருசப்பன் அரிவாள் கம்பைக் கீழே சாய்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றான். பிள்ளையார் கோயில் பூசாரியின் மகன் அவன். குலை ஏற்ற வந்த லோரிக்காரன் இஞ்சினை நிறுத்தினான். மரத்தில் ஒரு காகம்கூடக் கத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. யாரோ மிக அருகில் வந்து நிற்கும்போது, தலை நிமிராமலே தெரியுமே, அப்படித் தெரிந்தது சவரியம்மாளுக்கு.

செம்மண் புழுதியோடு சாமியாரின் கார் வந்தது. இளவயதுக்காரர். இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உபதேசியாரே, இனிமே கிறிஸ்மசுக்கும் ஈஸ்டருக்கும்தான் வர முடியும். ஆறு கோயில், நான் ஒருத்தன்."

மதலைமுத்து அவர் பையை வாங்கிக்கொண்டார். அதைப் பிடித்தபடியே, போன ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னார். தானும் விழுந்ததை மறைக்கவில்லை.

சாமியார் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் அப்படியே இருந்தீங்க?"

"தெரியல சாமி. காலு மரத்துப்போச்சு."

"வெளிய இருந்தவங்களுமா?"

"இருசப்பன்தான் சாமி கடைசியா துண்டைக் கட்டினான்."

சாமியார் கோயிலுக்குள் பார்த்தார். பீடத்தில் வெள்ளைத் துணி மட்டும் விரித்திருந்தது. சவரியம்மாளின் பக்கம் திரும்பினார். குரல் மெல்ல வந்தது.

"அம்மா, குரு இல்லாம எழுந்தேற்றம் இல்ல. அன்னைக்கு அந்தப் பீடத்துல எதுவுமே இல்ல. உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சாமி." அவள் கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டது. "அப்ப அத்தன பேரும் யாருக்கு முன்னால விழுந்து கெடந்தோம்?"